150 புலிகளில் எத்தனை கணக்கில் வரும்?

மலேசியக் காடுகளில் மிஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவான புலிகள். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு சொன்ன எண் இது. அன்றிலிருந்து புலியைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் இந்த எண்ணும் கூடவே வந்துவிடுகிறது. 1950-களில் 3,000 புலிகள் இருந்திருக்கும் என்பது ஒரு தோராய மதிப்பீடு. 2008-ல் ஏறக்குறைய 500 இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, 2020-க்குள் அதை 1,000 ஆக்கிவிடுவோம் என்று தேசியத் திட்டமே போட்டார்கள். ஏற வேண்டிய எண் இறங்கிவிட்டது.

150 என்று படித்ததும் நம் மனத்தில் ஒரு பெரிய காடும் அதில் உலவும் 150 புலிகளும் வந்து நிற்கின்றன. உண்மை நிலவரம் வேறு. வடக்கே பேராக்கில் பெலும்–தெமெங்கோர், நடுவே தாமான் நெகாரா, தெற்கே ஜொகூர்–பகாங் எல்லையில் எண்டாவ்–ரொம்பின் என்று காடு துண்டுபட்டுக் கிடக்கிறது. துண்டுகளுக்கு நடுவே நெடுஞ்சாலை, செம்பனைத் தோட்டம், அணை, ஊர். தெற்கே பிறந்த ஆண்புலி வடக்கே போய்ப் பெண் தேடுவது இன்று நடக்கிற காரியமில்லை. ஆக, ஒவ்வொரு துண்டிலும் எத்தனை புலிகள் குட்டி போடுகின்றன, அந்தக் குட்டிகள் வளர்ந்து யாரோடு சேரும் என்பதையெல்லாம் பார்க்காமல் 150 என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூடக் கணக்குதான்.

ஒரு காட்டுத் துண்டில் வளர்ந்த புலிகள் 15 என்று வைத்துக்கொள்வோம். 3 ஆண், 12 பெண். புலிகளில் இது இயல்பான விகிதம்தான். ஓர் ஆண்புலியின் எல்லைக்குள் பல பெண்புலிகளின் எல்லைகள் அடங்கும். அடுத்த தலைமுறைக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் பாதி மரபணு அந்த மூன்று தகப்பன்களிடமிருந்துதான் வரவேண்டும். பெண்கள் எத்தனை இருந்தாலும் தகப்பன் வழி குறுகலாகிவிடுகிறது. இதை அளக்க மரபியலில் ஒரு சூத்திரம் உண்டு: ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். 3 × 12 × 4 = 144. அதை 15-ஆல் வகுத்தால் 9.6. காட்டில் நடமாடுவது 15 புலிகள். மரபணுக் கணக்கில் அவை 10 புலிகளுக்குச் சமம். ஆய்வாளர்கள் இதைச் செயல்படும் தொகை என்கிறார்கள். ஒரு பெண்புலி நான்கு குட்டிகளை வளர்த்து ஆளாக்க, இன்னொன்றுக்கு ஒன்றுகூடத் தங்காமல் போனால் இந்த எண் இன்னும் குறையும். ஓர் ஆண்டு நோய் வந்து பாதி செத்தால் அதைவிடக் குறையும். பலவகைக் காட்டு உயிர்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வில் செயல்படும் தொகை சராசரியாக மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தான் வந்தது. உயிருக்கு உயிர் இது மாறும். ஆனாலும் 150-க்குப் பக்கத்தில் 15 என்று எழுதிப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

சரி, செயல்படும் தொகை 10 ஆனால் என்ன ஆகும்? ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு வேறுபாட்டில் இருபதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 5, காணாமல் போகும். யாரும் சுட வேண்டாம், கண்ணி வைக்க வேண்டாம். எந்தக் குட்டிக்கு எந்தப் பக்கத்து மரபணு போய்ச் சேருகிறது என்ற குருட்டாம்போக்கிலேயே சில வகைகள் அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நின்றுவிடும். போனது போனதுதான்; புதிய வேறுபாடு உண்டாக ஆயிரக்கணக்கான தலைமுறைகள் ஆகும். பத்துத் தலைமுறையில் நூற்றுக்கு 40 போய்விடும். தொகை 50 ஆக இருந்தால் ஒரு தலைமுறைக்கு நூற்றுக்கு 1 மட்டுமே போகும். 1980-ல் வகுத்த "50, 500" என்ற பழைய விதிக்கு அடிப்படை இதுதான். உடனடிக் கேட்டைத் தவிர்க்கச் செயல்படும் தொகை 50 வேண்டும், நீண்ட காலம் தாக்குப்பிடிக்க 500 வேண்டும் என்றது அந்த விதி. 2014-ல் அதையே மறுபடி அலசியவர்கள் இரண்டையும் இரட்டிப்பாக்கி 100, 1,000 என்றார்கள்.

நம் வீட்டுப் பேச்சில் இதற்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. சொந்தத்தில் கல்யாணம். மாமன் மகளைக் கட்டுவது, அக்காள் மகளைக் கட்டுவது எல்லாம் நமக்குப் புதிதில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டு மலேசியத் திருமணச் சட்டமே, நெருங்கிய உறவில் மணம் கூடாது என்று சொல்லிவிட்டு, இந்துக்கள் தங்கள் வழக்கப்படி அக்காள் தங்கை மகளை மணப்பதற்கு மட்டும் தனியாக விலக்குத் தருகிறது. நம் ஒவ்வொருவர் உடம்பிலும் கெடுதலான மரபணுக்கள் சில ஒளிந்திருக்கின்றன. அப்பா வழியில் ஒன்று கெட்டிருந்தாலும் அம்மா வழியில் நல்லது இருந்தால் தெரியாது. அப்பாவும் அம்மாவும் ஒரே தாத்தா பாட்டியின் வழி வந்தவர்களானால், அதே கெட்டது இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்புக் கூடுகிறது. மாமன் மகளைக் கட்டினால் பிள்ளையின் மரபணுத் தொகுதியில் எந்த ஓர் இடத்தை எடுத்துப் பார்த்தாலும், அங்கே ஒரே மரபணு இரண்டு வழியிலும் வந்து சேர்ந்திருக்கும் வாய்ப்பு 16-ல் 1. அக்காள் மகளானால் 8-ல் 1.

இப்போது அந்தப் 10 புலிக் கணக்குக்கு வாருங்கள். மூன்றே தலைமுறையில் அந்தக் காட்டின் சராசரிக் குட்டிக்கு இந்த வாய்ப்பு 7-ல் 1 ஆகிறது. அங்கே பிறக்கிற குட்டி ஒவ்வொன்றும் சராசரியாகத் தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பிறந்த குழந்தையைவிட நெருங்கிய கலப்பு. புலிக்கு ஒரு தலைமுறை ஐந்தாறு ஆண்டு என்றால், இதற்கு ஆகும் காலம் 15 முதல் 20 ஆண்டு. நமக்குச் சொந்தத்தில் வேண்டாம் என்று தோன்றினால் ஈப்போவிலோ கிள்ளானிலோ பினாங்கிலோ வேறு வரன் பார்க்கலாம். அடுத்த தலைமுறையில் அசலில் கட்டினால் கணக்கு நேராகிவிடும். வேலி போட்டாற்போல் நிற்கும் காட்டுத் துண்டில் இருக்கும் புலிக்கு வெளியூர் என்று ஒன்று இல்லை.

இந்தியாவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒடிசாவின் சிம்லிபால் காட்டில் உடம்பெல்லாம் கருங்கோடுகள் படர்ந்து ஒட்டிய கரும்புலிகள் இருக்கின்றன. ஒரே மரபணுவில் ஒரே ஒரு மாற்றம்தான் காரணம் என்று 2021-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மற்றக் காடுகளில் அபூர்வமான அந்த மாற்றம் சிம்லிபாலில் பாதிக்கு மேல் பரவியிருக்கிறது. தனியாகப் பிரிந்துபோன சிறு கூட்டம் என்பதால் தற்செயலாகவே அது அங்கே ஏறிவிட்டது. நிறம் மாறியதால் புலிக்குப் பெரிய கேடில்லை. அதே தற்செயல் நாளைக்கு இதயக் கோளாற்றையும் ஏற்றிவிடலாம் என்பதுதான் பயம்.

இதெல்லாம் வீண் பயம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. மலேசியாவில் புலியைக் கொல்வது கண்ணிக் கம்பி. மான், காட்டுப்பன்றி என இரை குறைந்துபோனது இன்னொரு காரணம். 2021-க்குப் பின் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப்பன்றிகளை வாரிக்கொண்டு போனது. நாளை மறுநாள் கண்ணியில் சாகப்போகிற புலிக்கு இருபது ஆண்டு கழித்து வரும் மரபணுக் குறை எதற்கு? 1980-களின் இறுதியில் அறிவியல் உலகிலேயே இந்தச் சண்டை பலமாக நடந்தது. பெரும்பாலான உயிரினங்கள் மரபணுக் கேடு எட்டிப்பார்க்கும் முன்பே வேறு காரணத்தால் அழிந்துவிடும் என்பது ஒரு கட்சி. 2004-ல் 170 அழிநிலை உயிரினங்களை அவற்றின் நெருங்கிய, நன்றாக வாழும் உறவினங்களோடு ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு 77 ஒப்பீடுகளில் அழிநிலை இனத்தின் மரபணு வேறுபாடு குறைந்திருந்தது. சராசரியாக நூற்றுக்கு 35 குறைவு. அதாவது அழிவின் விளிம்புக்கு வருவதற்குள் பெரும்பாலானவை மரபணுவிலும் ஏற்கெனவே அடி வாங்கிவிட்டன.

உண்மையில் இரண்டும் தனித்தனி வழக்கில்லை. கண்ணி எண்ணிக்கையைக் குறைக்கிறது. எண்ணிக்கை குறைந்ததால் நெருங்கிய கலப்பு. அதனால் குட்டிகள் தங்குவதில்லை, நோயை எதிர்க்கும் பலம் குறைகிறது. அதனால் எண்ணிக்கை இன்னும் குறைகிறது. 1986-ல் இதற்கு அழிவுச் சுழல் என்று பெயர் வைத்தார்கள். 2019 ஜூலையில் திரெங்கானு டுங்குனில் கம்போங் பெசுல் பக்கம் ஒரு புலி ஊருக்குள் வந்தது. மனிதரைக் கண்டு ஓடாமல் தள்ளாடி நடந்த அந்தப் புலியை வனவிலங்குத் துறையினர் பிடித்தார்கள். அவாங் பெசுல் என்று பெயர் வைத்தார்கள். சில நாளில் செத்துப்போனது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ். அந்தச் சாவுக்கு மரபணுவைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த வைரஸ் ஒரு காட்டுக்குள் புகுந்தால், அங்கிருக்கும் புலிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த எதிர்ப்புச் சக்தியோடு இருந்தால், தப்பிக்கிற புலி என்று ஒன்றாவது இருக்குமா என்ற கேள்வி வருகிறது. வேறுபாடு என்பது அப்படிப்பட்ட ஆண்டில்தான் உயிர் காக்கும்.

எல்லாச் சிறு கூட்டமும் ஒரே மாதிரிச் சாவதில்லை. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் வாக்கிட்டா என்ற சிறிய கடற்பன்றி பத்துக்கு அருகில் வந்து நிற்கிறது. அதன் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து 2022-ல் வெளிவந்த முடிவு பலருக்கும் வியப்பு: மீன்பிடி வலையில் சிக்கிச் சாவதை முற்றாக நிறுத்தினால் அது மீளலாம், நெருங்கிய கலப்பு அதை முடித்துவிடாது. காரணம், வாக்கிட்டா பல்லாயிரம் ஆண்டுகளாகவே சிறு கூட்டமாக வாழ்ந்தது. கேடான மரபணுக்கள் அவ்வப்போது வெளிப்பட்டு, அவற்றைச் சுமந்தவை செத்து, மெல்ல மெல்லச் சலித்துப்போயின. நேற்றுவரை ஆயிரக்கணக்கில் இருந்துவிட்டு குறுகிய காலத்துக்குள் சரிந்த கூட்டத்துக்கு அந்தச் சலிப்பு நடக்கவில்லை. ஒளிந்திருந்த கேடுகள் அத்தனையும் ஒன்றாக மேலே வரும். 3,000-லிருந்து 150-க்கு வந்த புலி இந்த இரண்டாவது ரகம்.

நம் பத்துமலையிலேயே முதல் ரகத்துக்குக் கிட்டத்தட்ட ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அந்தச் சுண்ணாம்புப் பாறையின் மேல் வளரும் மேக்ஸ்பர்ரெட்டியா ரூபிகோலா என்ற சிறு பனை உலகத்திலேயே சிலாங்கூரின் மூன்று சுண்ணாம்புக் குன்றுகளில்தான் உண்டு: பத்துமலை, புக்கிட் தாக்குன், புக்கிட் அனாக் தாக்குன். தைப்பூசத்தன்று படியேறும் லட்சக்கணக்கானவர்களில் அண்ணாந்து அதைப் பார்ப்பவர் மிகச் சிலர். அதன் இடம் எப்போதுமே சின்ன இடம். ஆனால் ஒரு குன்று போனால் மூன்றில் ஒன்று போய்விடும். பகாங்கில் புக்கிட் பாஞ்சிங் குன்றைச் சுண்ணாம்புக்காக முழுவதும் வெட்டியெடுத்ததில், அங்கே மட்டுமே இருந்த ஒரு நுண் நத்தை இனம் பூண்டோடு அழிந்தது. அதற்கு மரபணுவைப் பற்றிப் பேச நேரமே கிடைக்கவில்லை.

காண்டாமிருகத்துக்கு நேரம் கிடைத்தது. அந்தக் கதையை இந்நாட்டில் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது முழுக்கக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சுமத்ரா காண்டாமிருகம் தீபகற்ப மலேசியாவிலும் போர்னியோத் தீவின் சபாவிலும் சுமத்ராவிலும் இருந்தது. 1984 முதல் 1996 வரை, அழிவிலிருந்து காக்க, 40 காண்டாமிருகங்களைக் காட்டிலிருந்து பிடித்தார்கள். சில மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும், சில அமெரிக்கா, இங்கிலாந்து மிருகக்காட்சிசாலைகளிலும் வளர்ந்தன. அவற்றை எப்படி இணைசேர்ப்பது என்றே பல ஆண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. தனித்தே வாழும் விலங்கு. சரியான நாளில் சேர்த்தால் கூடும், தவறான நாளில் சேர்த்தால் ஒன்றையொன்று குத்திக் கிழிக்கும். அமெரிக்காவின் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் 2001-ல்தான் ஆண்டாலாஸ் என்ற ஆண்கன்று பிறந்தது. கூண்டுக்குள் 112 ஆண்டுக்குப் பின் பிறந்த முதல் கன்று. நமக்குப் பக்கத்தில் சிலாங்கூரின் சுங்கை டூசுன் மையத்தில் ஒரு கன்றும் உருவாகிப் பிறக்கவில்லை. 2003-ல் சில வாரங்களுக்குள் அங்கே ஐந்து காண்டாமிருகங்கள் அடுத்தடுத்து இறந்தன. ரத்த ஒட்டுண்ணி காரணம் என்று சொல்லப்பட்டது. 2015-ல் தீபகற்பத்தில் இந்த இனம் இல்லை என்று ஆகிவிட்டது.

மிச்சம் சபா. அங்கே தாபின் காப்புக்காட்டில் மூன்றே மூன்று விலங்குகளை வைத்துப் பாடுபட்டார்கள். தாம் என்ற ஆண், 2008-ல் செம்பனைத் தோட்டத்துக்குள் அலைந்து வந்தது. புந்தோங் என்ற பெண், 2011-ல் பிடிபட்டது. குட்டியாக இருந்தபோதே கண்ணியில் முன்னங்கால் பாதம் ஒன்றை இழந்தது. ஈமான், 2014-ல் டானும் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. இரண்டு பெண்களின் கருப்பையிலும் கட்டிகள். புந்தோங்குக்கு நீர்க்கட்டி, ஈமானுக்குத் தசைக்கட்டி. இந்த இனத்தில் பெண் நீண்ட காலம் கருத்தரிக்காமலே இருந்தால் கருப்பையில் இப்படிக் கட்டிகள் வருவது வழக்கம். ஏன் கருத்தரிக்கவில்லை? காட்டில் அவற்றைத் தேடி வர ஆண் இல்லை. ஆண் இல்லாததால் கட்டி. கட்டி வந்ததால் பின்பு ஆண் கிடைத்தும் கரு தங்கவில்லை. எண்ணிக்கை குறைவதே அடுத்த குறைவுக்கு எப்படிக் காரணமாகிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மரபணுவுக்கும் முன்னால் வந்து நிற்கும் வாசல் இது: துணை கிடைக்காமை.

தாமின் விந்தையும் பெண்களின் கருமுட்டையையும் எடுத்துச் சோதனைக்குழாயில் சேர்க்க முயன்றார்கள். தாமுக்கோ வயதாகிவிட்டது. இந்தோனேசியாவில் ஆண்டாலாஸ் இருந்தது. 2007-ல் சுமத்ராவுக்கு அனுப்பியிருந்தார்கள், 2012-ல் அதற்குக் கன்றும் பிறந்தது. விந்தையோ முட்டையையோ இரு நாடும் பரிமாறிக்கொள்வது பற்றிப் பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. சபாவில் இருப்பதும் சுமத்ராவில் இருப்பதும் வேறு வேறு கிளையினம், கலக்கக் கூடாது என்ற தயக்கம் ஒரு பக்கம். கடிதம், ஒப்பந்தம், கையெழுத்து இன்னொரு பக்கம். 2017 ஜூனில் தோல் புற்றுநோய் முற்றிய புந்தோங்கைக் கருணைக்கொலை செய்தார்கள். 2019 மே 27-ல் தாம் இறந்தது. அதே ஆண்டு நவம்பர் 23-ல் ஈமான். மலேசியாவில் காண்டாமிருகம் முடிந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 2021-ல், 21 காண்டாமிருகங்களின் மரபணுத் தொகுதிகளைப் படித்த ஓர் ஆய்வு வந்தது. போர்னியோவிலும் சுமத்ராவிலும் எஞ்சியிருந்தவற்றில் நெருங்கிய கலப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அழிந்துபோன தீபகற்பக் கூட்டத்திலோ கடைசிக் காலத்தில் அது திடீரென்று ஏறியிருந்தது. மற்ற இரண்டிலும் இன்னும் வேறுபாடு மிச்சம் இருந்ததால் கலந்து காப்பாற்ற வாய்ப்பு இருந்தது என்று பொருள். ஆய்வு வந்தபோது சபாவில் கலக்க விலங்கு இல்லை. தாமின் தோல் செல்கள் உறைநிலையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து பெர்லினில் மூலச்செல்களை உருவாக்கியிருக்கிறார்கள். அரிய அறிவியல்தான். ஆனால் முப்பது ஆண்டுக்கு முன் இரு நாட்டு விலங்குகளையும் ஒரே கூட்டமாக வைத்துப் பார்த்திருந்தால் இதற்குத் தேவையே வந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

கலப்பது வேலை செய்யுமா? செய்யும். அமெரிக்காவின் புளோரிடாவில் பூமாக்கள் 1990-களின் தொடக்கத்தில் 20, 30 என்ற அளவுக்கு வந்துவிட்டன. வால் நுனி மடிந்திருந்தது, ஆண்களில் பலவற்றுக்கு விரை இறங்கவில்லை, இதயத்தில் ஓட்டை. 1995-ல் டெக்சாசிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். புளோரிடா பூமாவின் தனித்தன்மை கெட்டுவிடும் என்று அப்போதும் எதிர்ப்பு இருந்தது. எட்டில் ஐந்து குட்டி போட்டன. அடுத்த தலைமுறையில் மடிந்த வாலும் இதயக் கோளாறும் வெகுவாகக் குறைந்தன. இன்று அங்கே நூற்றுக்கு மேல் பூமாக்கள். வெறும் எட்டு விலங்குகள், சரியான நேரத்தில்.

ஆனால் ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடவும் முடியாது. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியின் ஐல் ராயல் தீவில் 1997-ல் உறைந்த ஏரி மேல் நடந்து ஓர் ஆண் ஓநாய் தானாகவே வந்து சேர்ந்தது. அது பலமான ஓநாய். தீவு முழுக்க அதன் பிள்ளைகளே ஆயின. அப்புறம் அது மகளோடேயே கூடியது. புது ரத்தம் என்று வந்ததே சில ஆண்டில் ஒரே ரத்தமாகிவிட்டது. ஏரி முன்போல் உறையாததால் வேறு ஓநாயும் வரவில்லை. 2016-ல் தீவில் மிஞ்சியவை இரண்டு. 2018-ல் வெளியிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். தலைமுறைக்கு ஒன்றிரண்டாவது தொடர்ந்து வந்து சேர வேண்டும் என்பதுதான் மரபியல் கேட்பது.

இந்த நாட்டுக்கு இது தெரியாத வித்தையா? ரப்பரைப் பாருங்கள். நம் பாட்டன் பாட்டிகள் விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, பால் வெட்டிய மரங்களின் பூர்வீகம் மிகக் குறுகியது. 1876-ல் பிரேசிலிலிருந்து 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அவற்றில் முளைத்தவற்றிலிருந்து 1877-ல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. சில கோலா கங்சாரில் நடப்பட்டன. மலாயாவின் லட்சக்கணக்கான ஏக்கர் ரப்பர் பெரும்பாலும் இந்தச் சிறு கைப்பிடியின் வழித்தோன்றல். பிறகு நன்றாகப் பால் தரும் மரங்களைத் தேர்ந்து ஒட்டுக்கட்டியதில் அடித்தளம் இன்னும் சுருங்கியது. தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் இங்கே வந்தால் எல்லா மரமும் ஒன்றுபோல் சாயும் என்ற பயம் வல்லுநர்களுக்கு உண்டு. அதனால் 1981-ல் ரப்பர் விளையும் நாடுகள் சேர்ந்து அமேசான் காட்டுக்கே ஆளனுப்பின. காட்டு ரப்பர் மரங்களின் விதைகளைத் தேடிச் சேகரித்து மலேசியாவுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். எல்லை தாண்டி ஒத்துழைப்பு, புது ரத்தம், நோய் வருமுன்பே முன்னேற்பாடு என எல்லாம் நடந்தது. மூன்று ஆண்டு கழித்துத் தொடங்கிய காண்டாமிருகத் திட்டத்துக்கு அந்த அவசரமும் அந்த ஒற்றுமையும் கிடைக்கவில்லை. காசு தரும் மரத்துக்குச் செய்தது காட்டு விலங்குக்கு நடக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

புலிக்கு இன்னும் காலம் இருக்கிறது. முதல் வேலை கண்ணிகளை அகற்றுவதும் இரையைப் பெருக்குவதும். அதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. அதோடு சேர்ந்தே காட்டுத் துண்டுகளை இணைக்க வேண்டும். பாதை அமைப்பதற்குப் பெரிய பொறியியல்தான் வேண்டும் என்றில்லை. பினாங்கு தெலுக் பஹாங்கில் கறுப்பு முகமும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் கொண்ட இலைதின்னிக் குரங்குகள் சாலையைக் கடக்க மின்கம்பியைப் பிடித்தோ, தரையில் இறங்கி வண்டிகளுக்கு நடுவே ஓடியோ அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தன. 2019-ல் லங்கூர் ப்ராஜெக்ட் பினாங்கு குழுவினர் தீயணைப்புப் படையின் பழைய தண்ணீர்க் குழாய்களைப் பின்னி, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் ஒரு பாலம் கட்டினார்கள். குரங்குகள் பழகிக்கொண்டன, அணில்களும் அதில் போகின்றன. தாய்க் கூட்டத்தை விட்டு வெளியேறும் இளம் ஆண் ஒன்று அந்தக் குழாய் மேல் நடந்து அந்தப் பக்கத்துக் கூட்டத்தில் சேர்ந்தால் மரபியல் கேட்டது நடந்துவிட்டது. தண்ணீர்மலை, கொடிமலை, தெலுக் பஹாங் காடுகளைச் சேர்த்து 2021-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. காப்பகத்துக்குள்ளும் சாலை சாலைதான்.

புலிக்குத் தேவைப்படும் பாலம் பெரியது. பகாங்கில் சுங்கை யூ பகுதியில் தாமான் நெகாராவுக்கும் தித்திவாங்சா மலைத்தொடருக்கும் நடுவே குறுகிய காட்டுக் கழுத்து ஒன்று இருக்கிறது. அங்கே நெடுஞ்சாலையைத் தூண்கள் மேல் உயர்த்தி, கீழே விலங்குகள் போக வழி விட்டிருக்கிறார்கள். தீபகற்பத்தின் துண்டுபட்ட காடுகளை இப்படி இணைக்க மத்திய வன முதுகெலும்பு என்ற தேசியத் திட்டமும் உண்டு. சிக்கல் என்னவென்றால், மலேசிய அரசியலமைப்பில் நிலமும் காடும் மாநிலங்களின் அதிகாரம். புத்ராஜெயாவில் இருக்கும் மத்திய அரசு வரைபடம் போடலாம். அந்தக் காட்டைத் தோட்டமாக்குவதா காப்புக்காடாக வைப்பதா என்பதை மாநில அரசு முடிவு செய்யும். மரம் வெட்டும் உரிமத்தில் வரும் வருமானத்துக்கு ஈடாக, காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 2019 முதல் நிதி தருகிறது. அந்தத் தொகை உரிம வருமானத்தோடு போட்டிபோடும் அளவுக்கு வளர்ந்தால்தான் மேம்பாலத்தின் இரு முனையிலும் காடு நிற்கும்.

எண்டாவ்–ரொம்பினுக்கு அதுவும் போதாது. வடக்குக் காடுகளோடு அதை ஒட்டவைக்கும் காட்டுப் பாதை எப்போது தயாராகும் என்று காத்திருக்க அங்குள்ள புலிகளுக்குத் தலைமுறைகள் இல்லை. வடக்கிலிருந்து ஒரு புலியைக் கொண்டுபோய் விடுவதைப் பற்றி இப்போதே பேச வேண்டும்: எந்தப் புலி, எந்த வயது, அங்கே இரை போதுமா, கண்ணி துப்புரவா, யார் பொறுப்பு. செத்துக் கிடைக்கும் ஒவ்வொரு புலியிடமிருந்தும் திசு எடுத்து, எந்தக் காட்டுப் புலி எந்தக் காட்டுப் புலிக்கு எவ்வளவு நெருக்கம் என்ற பதிவு கையில் இருந்தால்தான் இதில் முடிவெடுக்க முடியும். வால் மடிந்த குட்டி கேமராவில் தெரிந்த பிறகு இந்தப் பேச்சைத் தொடங்கினால், கையெழுத்துக்கே பத்தாண்டு ஆகும், தாபினில் ஆனதுபோல.